வாழை இலையில் வந்த அலமாரி

வெண்டாமரையில் வீற்றிருப்பவள் ஒருநாள் வீணையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வாய்பொத்திச் சிரித்தாள் என்றும், அந்தச் சிரிப்பே காவிரிக் கரையிலுள்ள திருமணற்படுகையில் நண்பகல்தோறும் வாழை இலைகளில் எழுத்தாய் விழுந்தது என்றும் சொன்னால் அவ்வூரார் மறுக்கமாட்டார்கள். எழுத்து விழுந்த நாள்கள் தொண்ணூறா தொண்ணூற்றொன்றா என்பதில்தான் சண்டைக்கு வருவார்கள்.

திருமணற்படுகைத் திருமடத்தின் நூலகக் காப்பாளர் சிவக்கொழுந்து, நெற்றி நிறையத் திருநீறு துலங்க, விடியலில் நீராடிப் பதிகம் ஓதாமல் பச்சைத் தண்ணீரும் பருகாதவர், அறுபத்திரண்டு ஆண்டு வாழ்வில் பொய் என்று சொன்னது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை முப்பத்தோராண்டு விடாமல் சொன்னார் என்பதுதான் இடர்.

மடத்து நூலகத்தில் பர்மாத் தேக்கில் செய்த பேரலமாரி ஒன்று நின்றது. முந்நூறாண்டு மழைக்குறிப்பும், வாய்க்கால் வரைபடமும், நெல்வகைப் பட்டியலும், ஊரார் விண்ணப்பமும், பேதி கண்ட ஆண்டுகளில் பிழைத்தவர் பெயர்களும், பிழையாதவர் பெயர்களும் தொண்ணூறு கட்டுகளாக அதற்குள் உறைந்தன. கலைமகள் பூசையன்று நூல்களைப் பூசையில் வைத்தால், மறுநாள் விசயதசமிக் காலையில் மறுபூசை செய்து எடுக்கும்வரை எவரும் அவற்றைத் தொட்டுப் படிக்கலாகாது என்பது நாடறிந்த முறை. அன்று கொல்லர் சுத்தியலை வைப்பார், தையற்காரர் கத்தரிக்கோலை வைப்பார், ஓட்டுநர் தம் பேருந்துக்கே மாலை சாத்துவார். முப்பத்தோராண்டுக்கு முன், பணியில் சேர்ந்த புதிதில், சிவக்கொழுந்து தம் தொழிற்கருவி யாது என்று கண்மூடிச் சிந்தித்தார். காப்பாளனுக்குக் கருவி சாவியே என்று தெளிந்தார். அரைஞாண் கயிற்றிலிருந்து அலமாரிச் சாவியை அவிழ்த்துச் சந்தனமும் குங்குமமும் இட்டு, கட்டுகளின் உச்சியில் ஒரு பூவோடு வைத்து, மனம் உருகி நின்று, பிறகு கதவை மூடினார். மூடினால் தானே பூட்டிக்கொள்ளும் சீமைப் பூட்டு அது.

மறுநாள் காலை ஆரத்தித் தட்டோடு வந்தவரின் கை இடுப்புக்குப் போயிற்று. இடுப்பில் கயிறு இருந்தது. கயிற்றில் சாவி இல்லை.

பட்டத்துக்கு வந்து மூன்று திங்களே ஆகியிருந்த மடத்தலைவர், அன்று இளைஞரான சந்நிதானம், அப்பொழுது அங்கே எழுந்தருளி, “என்ன சிவக்கொழுந்து, இன்னும் தெறக்கலையா?” என்று கேட்க, சிவக்கொழுந்தின் நாவில் அவரறியாமல் ஒரு சொல் வந்து அமர்ந்தது.

“அம்மை இன்னும் உத்தரவு தரலை, சாமி.”

சந்நிதானம் பக்தியில் மெய்சிலிர்த்தார். செய்தி உச்சிப்பொழுதுக்குள் ஊரைச் சுற்றியது. மறு ஆண்டு விசயதசமியில் பூப்போட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வெள்ளைப்பூப் பொட்டலம் வந்தால் திறக்கலாம், சிவப்பு வந்தால் காத்திருக்க வேண்டும். பொட்டலங்களைக் கட்டியவர் சிவக்கொழுந்து. இரண்டிலும் செவ்வரளியே வைத்துக் கட்டினார், கட்டும்போது கண்ணீர் வடித்தார், ஆனாலும் கட்டினார். முப்பது விசயதசமிகள் இப்படியே சிவந்தன. பெருமழைக் காலத்தில் வெள்ளம் ஊருக்குள் வந்து, பழைய வடிகால் எங்கே ஓடியது என்று அதிகாரிகள் கேட்டபோதும் அலமாரி பூசையில் இருந்தது. வெளிநாட்டிலிருந்து ஆராய்ச்சியாளர் வந்து மூன்று நாள் தங்கி, பொங்கலும் வடையும் உண்டு, திரும்பிப் போனபோதும் அலமாரி பூசையிலேயே இருந்தது.

இவ்வாறிருக்க, ஆற்றுக்கு அக்கரையிலுள்ள மிஷன் கல்லூரியின் நூலகர் ஜெசிந்தாவும், பேருந்து நிலையத்தருகே கிளை நூலகம் நடத்தும் தாவூதும் எட்டாண்டு நடையாய் நடந்து சந்நிதானத்தின் மனத்தைக் கரைத்தார்கள். கல்லூரியில் ஸ்கேனர் இருந்தது, கிளை நூலகத்தில் வாசகர் இருந்தனர், மடத்தில் அலமாரி இருந்தது. மூன்றும் கைகோத்தால் உலகமே படிக்கும் என்பது அவர்கள் வழக்கு. ஆடித் திங்கள் ஒரு புதன்கிழமை, மடத்துக் கூடத்தில், மூன்று நூலகங்களும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. “எங்களிடமுள்ள பதிவுகள் அனைத்தையும் எவரும், எங்கிருந்தும், எவருடைய அனுமதியும் வேண்டாமல் படிக்கலாம்” என்ற வரியைச் சந்நிதானம் உரக்கப் படித்தார். “அலமாரி மட்டும் அம்மை உத்தரவு தந்தபிறகு” என்று வாய்மொழியாக ஒரு சொல் சேர்த்தார். சிவக்கொழுந்து நிம்மதியாகத் தலையசைத்தார்.

அந்த வாய்மொழிச் சொல் தாளில் இல்லை. அலமாரி தாளில் இருந்ததைத்தான் எடுத்துக்கொண்டது.

பந்தியில் இலை போட்டார்கள். சந்நிதானம் தண்ணீர் தெளிக்கக் கையைக் குழித்தவர் அப்படியே நிறுத்தினார். தலைவாழை இலையின் பச்சையில், நுனியிலிருந்து அடிவரை, நாரத்தங்காய் ஊறுகாயின் நிறத்தில் நேர்த்தியான எழுத்து ஓடிற்று: “ஆனி பதினான்கு. மழை ஒன்றேகால் படி. முற்றத்துப் பித்தளைப் பாத்திரத்தில் தவளை ஒன்று கிடந்தது. அதைத் தூக்கி வெளியே விட்டு, அது குடித்திருக்கக்கூடிய நீரையும் உத்தேசமாகச் சேர்த்து அளந்தேன்.” பக்கத்து இலையில் ஆனி பதினைந்து. அதற்கடுத்த இலையில் பதினாறு. தவளை திரும்பி வந்திருந்தது.

சாம்பார் வாளியோடு வந்த பரிசாரகர் எதிர்ப்புறம் நின்று தலைகீழாகப் படித்துவிட்டு, “சாமி, ஊத்தவா, இல்லை படிச்சு முடிச்சிரட்டுமா?” என்றார்.

“இரு, இரு, தவளை என்ன ஆச்சுன்னு பாத்துக்கறோம்” என்றார் சந்நிதானம்.

அன்று மட்டுமா, மறுநாளும். மடத்தில் மட்டுமா, ஊரெங்கும். பட்டம்மாள் மெஸ்ஸில், பேருந்து நிலையத்துப் பிரியாணிக் கடையில், பள்ளிவாசல் தெருவில், தேவாலயத்து விருந்தில், யார் வீட்டில் யார் இலை விரித்தாலும் நண்பகலில் அதில் ஒரு பக்கம் வந்தது. நாளைக்கு ஒரு கட்டு. ஓர் இலைக்கு ஒரு பக்கம். ஒருவர் இலையில் வந்தது மற்றவர் இலையில் வாராது. பிளாஸ்டிக் இலையில் ஒன்றும் வரவில்லையாதலால் அந்தச் சரக்கு மூன்றே நாளில் ஊரைவிட்டு ஒழிந்தது. இட்லிக்குப் போடும் துண்டு இலைகளில் அடிக்குறிப்புகள் வந்தன. தண்ணீர் பட்டால் எழுத்து கரைந்துவிடும் என்று கண்டபின், “தெளிக்காதே!” என்பதே உண்பதற்குமுன் ஓதும் மந்திரமாயிற்று, எச்சில் இலை தின்னும் மாடுகள்கூடக் குனிந்து சற்று நின்று பிறகே வாய்வைத்தன என்று பால்காரர்கள் சொன்னார்கள்.

வியப்பு இரண்டாம் நாளே தீர்ந்துபோக, எஞ்சியது அலைச்சல். கோயில் யானைக்குக் கலெக்டர் மனைவியின் பெயரை வைக்கலாகாது என்று ஊரார் எழுதிய விண்ணப்பத்தின் முதற்பக்கம் நாதசுரக்காரர் வீட்டிலும், இரண்டாம் பக்கம் பிரியாணிக் கடையிலும் வந்ததென்றால், முடிவு தெரியாமல் யாருக்குச் சோறு இறங்கும்? நாதசுரக்காரர் முதன்முறையாகப் பிரியாணிக் கடைக்குள் நுழைந்தார். நுழைந்தவர் வெளியே வர ஒன்றரை மணிநேரம் ஆயிற்று. யானைக்குக் கலெக்டர் மனைவியே வேறு பெயர் சொல்லி அனுப்பியிருந்தாள். உண்ணும் நேரத்தில் அடுத்தவர் வீட்டுக்குள் போகலாகாது என்றிருந்த ஊரில், கையில் மோர்க்குவளையோடு தெருவே வீடு மாறி வீடு ஓடியது. கிளை நூலகத்தில் தாவூதின் தொலைபேசி ஓயவில்லை.

“பாய், நாற்பத்திரண்டாம் பக்கம் யார் வீட்டுல?”

“காய்கறிக் கடை மாணிக்கம் வீட்டுல.”

“போனேன். அந்தாளு ரசத்தை ஊத்திட்டாரு!”

“அப்ப அவரையே கூட்டிட்டு வாங்க. ஊத்தறதுக்கு முன்னாடி படிச்சிருப்பார்ல? சொல்லட்டும், எழுதிக்குவோம்.”

இலை மறுநாள் மஞ்சளாகிவிடும். ஆகவே எடுத்த படமெல்லாம் தாவூதிடம் குவிந்தன. தாவூது ஜெசிந்தாவுக்கு அனுப்பினார். ஜெசிந்தா கல்லூரிக் கணினியில் ஏற்றி, உலகம் படிக்கத் திறந்துவைத்தார். ஆனால் எந்தப் பக்கம் எந்தக் கட்டு, எந்தக் கட்டு எந்தத் தட்டு என்பதை அறிந்தவர் வையத்தில் ஒருவரே. அவரைத் தேடி ஜெசிந்தா மடத்துக்கு வந்தார்.

“ஐயா, நீங்க அடுக்கினது. நீங்கதான் வரிசை சொல்லணும்.”

சிவக்கொழுந்து முதல் நாளே ஒன்றைக் கண்டிருந்தார்: பக்கங்கள் அவர் அடுக்கிய வரிசையில் வந்தன. அடித்தட்டின் முதற்கட்டு முதல் நாள், இரண்டாவது இரண்டாம் நாள். விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். தொண்ணூற்றொன்றாம் கட்டு விசயதசமியன்று வரும். அது கட்டன்று, ஒற்றைத் தாள். எல்லாவற்றுக்கும் மேலே, சாவிக்கு அடியில், அவரே தம் கைப்பட எழுதிவைத்த ‘இன்று பூசையில் வைத்த பொருள்கள்’ என்னும் பட்டியல். அதன் கடைசி வரி அவருக்கு மனப்பாடம். அந்த வரி ஓர் இலையில் வந்தால், முப்பத்தோராண்டாய் ஊர் கும்பிட்ட உத்தரவு ஒரு மறதிக்காரனின் உளறல் என்று ஆகிவிடும். சந்நிதானத்தின் முகத்தில் இனி விழிக்க முடியாது. கலைமகளின் பெயரால் பொய் சொன்ன வாயோடு இன்னொரு பதிகம் ஓதவும் முடியாது.

வரிசையைக் குழப்பிச் சொல்லியிருக்கலாம். ஜெசிந்தாவுக்கு வேறு வழியில்லை, நம்பியிருப்பார். ஆனால் சிவக்கொழுந்துக்கு அம்மையின் பெயரால் பொய் சொல்ல வாய்த்த நா, அலமாரித் தட்டின் பெயரால் பொய் சொல்ல எழவில்லை. “அது பதினேழாம் கட்டு, இரண்டாந்தட்டு, இடப்பக்கம்” என்று கண்மூடிச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் இளகியது, உடல் நிமிர்ந்தது, முப்பத்தோராண்டு தொடாத பிள்ளைகளை ஒவ்வொன்றாய்ப் பெயர்சொல்லி அழைப்பதுபோல் இன்பம் பெருகியது. நாளுக்கு நாள் தம் கழுத்துக்குத் தாமே கயிறு திரிக்கிறோம் என்று அறிந்தும் சிரித்துக்கொண்டே திரித்தார்.

ஆவணியில் மளிகைக்கடைத் தங்கராசு வீட்டுத் திருமணம். அன்று நாற்பத்து மூன்றாம் நாள். பந்தியில் இலை விரித்ததும், எழுத்துக்கு மாறாகக் கோடுகள் வந்தன. மாப்பிள்ளையின் தாய்மாமன் இலையில் பாதிக் குளம். எதிர்வரிசையில் ஒரு மதகின் மூக்கு. கைகழுவிக்கொண்டிருந்த சிவக்கொழுந்து எட்டிப் பார்த்தார். மறுநொடியே பந்தியின் நடுவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

“எல்லாரும் எழுந்திருங்க! இலையோட எழுந்திருங்க! மாமா, நீங்க பொண்ணு வீட்டுப் பக்கம் போங்க, ஒங்க குளம் அங்கதான் சேருது!”

“என்னது? நான் மாப்பிள்ளை வீடு, அந்தப் பக்கம் உட்கார்றதா?”

“நாலு அடி தள்ளி உட்காந்தா ஒங்க கௌரவத்துல தண்ணி தேங்காது மாமா. உட்காரலைன்னா ஊருக்குள்ள தேங்கும்!”

இருபத்தோர் இலைகள் இடம்மாறின. சம்பந்திகள் கலந்தார்கள், பேசாதிருந்த ஓரகத்திகள் தோளோடு தோள் அமர்ந்தார்கள், மணமகள் வந்து நடுவில் ஓர் இலையைத் திருப்பி வைத்தாள். தாவூது நாற்காலிமேல் நாற்காலி போட்டேறிப் படமெடுத்தார். பந்தி முழுவதும் ஒரே வரைபடமாய் விரிந்தது: காணாமற்போன வடிகால், குளத்திலிருந்து கிளம்பி, பேருந்து நிலையத்தின் கழிப்பறைக்கு அடியில் புகுந்து, ஆற்றில் போய்ச் சேர்ந்தது. “அதான் அந்தக் கழிப்பறை எப்பவும் ஈரமா இருக்கு!” என்று யாரோ கூவ, பாயசம் ஆறியதைப் பொருட்படுத்தாமல் பந்தியே கைதட்டியது. மறுவாரம் அங்கே தோண்டத் தொடங்கினார்கள்.

அன்று மாலை வீடு திரும்பிய சிவக்கொழுந்து மகிழ்ச்சியில் பாதியும் அச்சத்தில் பாதியுமாக உறைந்து உட்கார்ந்தார். வெள்ளத்தில் நனைந்த வீடுகளை எண்ணினார். அந்த வரைபடம் இத்தனை ஆண்டும் பூசையில் இருந்தது.

ஆனாலும் மனிதர். நவராத்திரி நெருங்கவே அவர் புத்தி குறுக்குவழி தேடிற்று. சந்நிதானத்திடம் சென்று, “விசயதசமியன்னிக்கு ஊரே மடத்துல சாப்பிடட்டும் சாமி. ஆனா இலை வேண்டாம். பித்தளைத் தட்டு. எந்த வீட்டிலயும் அன்னிக்கு இலை விரிக்க வேண்டாம்னு சொல்லிருங்க” என்றார்.

“இதுவும் அம்மை உத்தரவா?” என்றார் சந்நிதானம்.

சிவக்கொழுந்து தலையை மட்டும் ஒருவிதமாக ஆட்டினார். அது ஆம் என்றும் கொள்ளலாம், கழுத்துச் சுளுக்கு என்றும் கொள்ளலாம்.

விசயதசமிக் காலையில், மனைவி தையல்நாயகி துவைத்த வேட்டியை அவரிடம் நீட்டியபடி கேட்டாள்: “ஏங்க, தட்டுல சாப்பிட்டா மறைஞ்சிருமா?”

“எது?”

“ஒங்க சாவி.”

சிவக்கொழுந்து வேட்டியைத் தவறவிட்டார்.

“கல்யாணம் ஆன புதுசுல, நீங்க தெருமுனை திரும்பும்போதே இடுப்புல கிணுகிணுன்னு கேட்கும், நான் ஒலைய இறக்குவேன். ஒருநாள் மனுசன் பூனை மாதிரி வந்து நிக்கிறீங்க. அன்னிலேர்ந்து பூனைதான். எனக்குத் தெரியாதா?”

“முப்பத்தோரு வருசமா ஏன் கேட்கலை?”

“நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். அம்மைதான் உத்தரவு தரலை போல” என்றாள் தையல்நாயகி. சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சிரிப்பு மட்டும் கூடத்திலேயே நின்றது.

மடத்தில் பந்தி தொடங்கிற்று. நானூறு பித்தளைத் தட்டுகள் பளபளத்தன. ஆனால் எவர் முகத்திலும் ஒளியில்லை. தொண்ணூறு நாள் இலையில் கண்வைத்துப் பழகிய ஊர், தட்டில் தன் முகத்தையே கண்டு சலித்தது. யானை விண்ணப்பத்தின் முடிவுக்காகப் பிரியாணிக் கடை ஏறிய நாதசுரக்காரர் தட்டைத் திருப்பி அடிப்பக்கத்தைக்கூடப் பார்த்தார். தாவூது எழுந்து, “அண்ணே, தொண்ணூத்தி ஒண்ணு ஒரே தாளுதானே? அது என்னதுன்னு வாயாலயாச்சும் சொல்லுங்களேன்” என்றார். ஜெசிந்தா, “அது ஒண்ணு இல்லாம கட்டுகளோட அடைவை மூட முடியல, ஐயா. கடைசி இடத்துல ஒரு கோடு மட்டும் போட்டு வெச்சிருக்கேன்” என்றார்.

நானூறு பேரும் சிவக்கொழுந்தைப் பார்த்தார்கள். அவர் அலமாரியைப் பார்த்தார். தொண்ணூறு நாளாக அவர் வரிசை சொல்லச் சொல்ல ஊரார் எப்படி முகம் மலர்ந்தார்கள் என்பது நினைவுக்கு வந்தது. அந்த மலர்ச்சிக்கெதிரே தம் மானம் ஒரு செவ்வரளிப் பொட்டலம்போல் சுருங்கிக் கிடப்பதைக் கண்டார். எழுந்தார். முற்றத்து வாழையில் ஓர் இலையை அரிந்தார். கொண்டுவந்து, சந்நிதானத்தின் எதிரே தரையில் விரித்து, அதன்முன் சம்மணமிட்டு அமர்ந்தார்.

எழுத்து வந்தது. முப்பத்தோராண்டுக்கு முன்னிருந்த அவருடைய கையெழுத்து, அவரைவிட இளமையாய் வந்தது. பக்கத்தில் குவளை நிறையத் தண்ணீர் இருந்தது. ஒரு கை தெளித்தால் போதும். சிவக்கொழுந்து குவளையைத் தூர நகர்த்திவிட்டு, பதிகம் ஓதும் குரலில் ஓதினார்:

“இன்று பூசையில் வைத்த பொருள்கள். கட்டுகள், தொண்ணூறு. எழுதுகோல், இரண்டு. மைக்கூடு, ஒன்று.” மூச்சை இழுத்தார். “அலமாரிச் சாவி, ஒன்று.”

நானூறு மனங்கள் அலமாரிக்குள் நுழைந்து, சாவியைக் கண்டு, பூட்டைக் கண்டு, முப்பது செவ்வரளிகளைக் கண்டு திரும்பி வந்தன.

“உத்தரவு வரலைன்னு சொன்னது பொய், சாமி” என்றார் சிவக்கொழுந்து. “சாவிதான் வரலை.”

முதலில் குலுங்கியது சந்நிதானத்தின் திருவயிறு. பிறகு தோள், பிறகு உருத்திராக்கம், பிறகு கூடமே குலுங்கியது. தட்டுகள் கலகலத்தன, பரிசாரகர் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டார், தாவூதும் ஜெசிந்தாவும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். சிரிப்பு தணிந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு சந்நிதானம் சொன்னார்:

“அட சிவக்கொழுந்து, அந்தப் பூட்டுக்கு ரெண்டு சாவி. இன்னொண்ணு நம்ம அறையில ஆணியில தொங்குது. ‘நூலகம்’னு சீட்டே கட்டியிருக்கு. தெனமும் அதும்மேலதான் துண்டைப் போடறோம்.”

“சாமி!”

“அம்மையே உத்தரவு தரலைங்கறே, சாவியை நாம ஏன் நெனைக்கப்போறோம்? நீ கேட்கலை, நாம நெனைக்கலை, ஊர் தட்டலை. அவளும் பாவம், எத்தனை நாள்தான் உள்ளே உட்காந்திருப்பா? அடுப்படி வழியா வந்துட்டா.” முகம் சற்றுக் கனிந்து, “வா. முப்பத்தோரு வருசப் பூசை, முடிச்சு வைக்கணும்ல?” என்றார்.

ஆரத்தி காட்டி, மாற்றுச் சாவியைத் திருகினார் சிவக்கொழுந்து. கதவு திறந்தது. உள்ளிருந்து பழந்தாளின் மணம் வரும் என்று எதிர்பார்த்தவர்களை ரசத்தின் மணம் வந்து தழுவிற்று. ஒவ்வொரு கட்டாக எடுத்துப் பிரித்தார்கள். தாள்கள் ஒன்றும் கெடவில்லை. ஆனால் ஓரங்களிலெல்லாம் மஞ்சள்பட்ட விரல்தடங்கள், மோர்த்துளிகள், ஓரிடத்தில் ஒட்டிய ஒரு கடுகு. தவளைப் பக்கத்தின் மூலையில் சந்நிதானத்தின் கட்டைவிரல் தெளிவாகப் பதிந்திருந்தது. வரைபடத்தின் நடுவில் மருதாணி விரல் ஒன்று. ஊர் முழுதும் தொட்டுப் படித்திருந்தது. ஜெசிந்தா தம் அடைவின் கடைசி இடத்திலிருந்த கோட்டை அழித்தார்.

மறுநாள் இலைகள் வெறும் பச்சையாய் வந்தன. ஒருவரும் வருந்தவில்லை, பக்கம் வேண்டுவோர் கிளை நூலகத்துக்கோ கல்லூரிக்கோ மடத்துக்கோ நடந்தார்கள், தொலைவிலிருப்போர் கைபேசியில் படித்தார்கள். ஆனாலும் திருமணற்படுகையில் இன்றும் இலை போட்டவுடன் தண்ணீர் தெளிப்பதில்லை. ஒரு மூச்சு பொறுத்துப் பார்க்கிறார்கள், பிறகே தெளிக்கிறார்கள்.

அலமாரியின் கதவுகளைக் கழற்றிச் சந்நிதானம் அவற்றைப் படிக்கும் மேசையாக்கிவிட்டார். குங்குமம் காய்ந்திருந்த பழைய சாவியைச் சிவக்கொழுந்து இரு கண்ணிலும் ஒற்றி, அரைஞாண் கயிற்றில் மீண்டும் கட்டிக்கொண்டார். அது பூட்டுவதற்கு இவ்வுலகில் இனி ஒன்றுமில்லை. அன்று மாலை அவர் தெருமுனை திரும்பியபோது, தையல்நாயகி காதைத் தீட்டினாள். கிணுகிணு என்று கேட்டது. எழுந்துபோய் உலையை இறக்கினாள்.